வெறுந்தொட்டில்

அன்புள்ள பாக்கியத்துக்கு,

நம் பிள்ளைக்கு வாங்கிய தொட்டிலை விற்றுவிட்டேன். நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

ஜெர்மனிப் பல்கலைக்கழகம் ஒன்றில் நம் நாட்டு வாழ்க்கையை ஆராயும் மையம் இருக்கிறதாம். அங்கே வேலை பார்க்கும் தன்யா என்ற பெண் மட்டாஞ்சேரியில் நம் பழம்பொருள் கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நன்னா ஆடுமா?" என்று ஆட்டியே விட்டாள்.

"வெறுந்தொட்டில ஆட்டாதம்மா, பிள்ளைக்கு ஆகாது!"

"யாரோட கொழந்தைக்கு?"

ஒன்பதே நாள் உயிரோடு இருந்த நம் மகள், இந்தத் தொட்டிலில் ஒருநாளும் படுக்காதவள் என்று எப்படிச் சொல்ல? தன்யா போய், நான் ஷட்டரை இறக்கிய பிறகும் தொட்டில் ஆடியது. காற்றாகத்தான் இருக்கும், நீ பயப்படாதே.

பிள்ளையைப் போடுமுன் தொட்டிலில் இடவென்று கழுவி வைத்தாயே, அந்த அம்மிக் குழவியைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பு. கூடவே எனக்கு இரண்டு வரி பதிலும் எழுதி வை.

மையத்தில் காட்சிக்கு வைக்கத் தன்யா தந்த விலை தொண்ணூறாயிரம். குழவியைத் தொட்டிலிலிருந்து எடுக்கக்கூடாது, யாரும் ஆட்டக்கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

இசக்கிராஜா