தோழர் ராமாயியிடம் கேட்ட விளக்கம்

கிளை அலுவலகம்,
27.7.2023

தோழர் ராமாயி அவர்களுக்கு,

வணக்கம். காளியம்மன் தீமிதிக்கு நீங்கள் காப்புக் கட்டிக்கொண்டு கோயில் கொட்டகையில் தங்கியிருப்பது கிளையின் கவனத்துக்கு வந்துள்ளது. கட்சி உறுப்பினர் இப்படிச் செய்யலாகாது. மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.

மருதையன்,
கிளைச் செயலாளர்

இதற்குக் கீழே எழுதுவது உன் புருஷன். கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று இருபது வயதில் நான் எடுத்த முடிவு உனக்குத் தெரியும். அதனால்தான் பூவம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். சர்க்கரை மாத்திரையும் வைத்திருக்கிறேன். விரதம் என்று சொல்லி விட்டுவிடாதே.

கோயில் கொட்டகை,
28.7.2023

அன்புள்ள தோழருக்கு,

மாத்திரை போட்டுக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. அதிலும் விளக்கம் கேட்கிறீர்கள்.

மேலத்தெருக்காரர்கள் எல்லாரும் இறங்கி முடித்த பிறகுதான் நம் தெருப் பெண்கள் தீயில் இறங்கலாம் என்பது இங்கே வழக்கம். இந்த வருஷம் சேர்ந்தே இறங்குவோம் என்று பூவம்மாளோடு நடவுக்குப் போகிற பதினெட்டுப் பேரும் முடிவெடுத்து, முதலில் உங்களிடம்தான் வந்தார்கள். "கோயில் விவகாரம் சங்கத்து வேலை இல்லம்மா, கூலிப் பிரச்சினைன்னா வாங்க" என்று அனுப்பிவிட்டீர்கள். அவர்களைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. காப்புக் கட்டிக்கொண்டேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. பூவம்மாளுக்கு இருக்கிறது. மதம் அபின் என்று மேடையில் சொல்கிறீர்கள். வலி இருக்கிறவள்தானே அதைத் தேடுவாள், அவள் வலியை நாம் என்றைக்கு விசாரித்தோம்? உழைப்பின் பெருமையை இரண்டு மணி நேரம் பேசுகிறவர் சேற்றில் கால் வைத்துப் பத்து வருஷம் ஆகிறது என்று இங்கே சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னது பொய் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தீமிதி. நீங்கள் வந்து எங்களோடு நின்றால் போதும். கும்பிட வேண்டாம்.

ராமாயி

1.8.2023

அன்புள்ள ராமாயிக்கு,

உன் கடிதத்தைக் கிளைக் கூட்டத்தில் வாசித்தேன். சேற்றைப் பற்றிய இடத்தில் இளைஞர் பொறுப்பாளர் அன்பரசன் சிரித்துவிட்டான். உன்னைக் கட்சியிலிருந்து நீக்கியாயிற்று. பெண்டாட்டிக்கு ஒரு சட்டமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று தீர்மானத்தை நானே கொண்டுவந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பது வருஷம் காப்பாற்றிய கொள்கையை ஒரு நாளுக்காக விட்டால் எனக்கென்று என்ன மிச்சம், நீயே சொல். வெள்ளிக்கிழமை முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வா. பேசிக்கொள்ளலாம்.

மருதையன்

5.8.2023

மேலத்தெரு ஆட்கள் கயிறு கட்டி எங்களை மறித்தது உங்களுக்குத் தெரியும். எதிரே டீக்கடை வாசலில் சிவப்புத் துண்டோடு நீங்கள் நின்றதை எல்லாரும் பார்த்தோம். "செயலாளரு வந்துட்டாரு, இப்ப இங்க வருவாரு பாரு" என்றாள் பூவம்மாள். நானும் நம்பினேன். நீங்கள் ரோட்டைத் தாண்டவில்லை.

அதிகாரிகள் வந்து பேசி முடிப்பதற்குள் குழியில் நெருப்பு அணைந்துவிட்டது. சாம்பலில்தான் நடந்தோம். யாருக்கும் கால் சுடவில்லை. பூவம்மாள் உட்கார்ந்து அழுதாள்.

காப்பை அவிழ்த்துவிட்டேன். வீட்டுக்கு வரவில்லை, பூவம்மாள் வீட்டில் இருக்கிறேன்.

கடிதத்தின் மேலே நான் எதுவும் எழுதாததைப் பார்த்திருப்பீர்கள். மறதி இல்லை. இத்தனை வருஷமும் உங்களைத் தோழர் என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன். நேற்றுக்குப் பிறகு அது வாய்க்கு வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது.

ராமாயி