பாலத்துக்காரனுக்குச் சாவில்லை

அன்பு மச்சான் சாதிக்,

நீ போன பிறகு இரண்டாவது ரம்ஜானும் வந்து போய்விட்டது. நலமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. நான் நலமில்லை, அதற்குக் காரணம் நீதான். செத்தும் கொடுத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், செத்தும் விற்கிறவன் நீ ஒருவன்தான்.

இதை வெளி ஆட்களும் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஞாயிறு மதியங்களில் உன் செல்போன் ரிப்பேர் கடை மாடியில் நாம் ஆடியது, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் ஏற்று, வாயாலேயே கதையை நடத்துகிற ஆட்டம். அதற்குப் புதுக் கதையும் வரைபடமும் தயாரித்து, பிடிஎஃப் ஆக்கி, ஆன்லைனில் நாமே விற்கலாம். நீயும் விற்றாய், நானும் விற்றேன். நான் விற்றேன் என்பது ஒரு பேச்சுக்கு.

என்னுடையது லேசுப்பட்டதா? நம் செஞ்சிக் கோட்டையின் மூன்று மலையும் ஏறி இறங்கி, களஞ்சியம், குளம், பீரங்கி மேடை எதையும் விடாமல் இருநூறு பக்கம். கம்ப்யூட்டர் சென்டரை மூடிவிட்டு இதிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பினேன். நீ சிரித்தாய்.

“மார்க்கெட் கமிட்டிக்கு நெல்லு விக்க ஏத்திக்கினு போற மாரி நெனச்சிக்கினியா மச்சான்? நாலு பேரு வாங்குவான். ஒருத்தன் தொறந்து பாப்பான். ஆடறதுக்கு ஒருத்தன் கெடச்சா அதே பெருசு.”

உன் வாய் முகூர்த்தம், அப்படியே பலித்தது. வாங்கிய நாலு பேரில் இரண்டு பேர் என் சித்தப்பா பிள்ளைகள். அந்தக் கணக்கு உனக்கு மட்டும் ஏன் பொய்த்தது?

உன்னுடையது பன்னிரண்டே பக்கம். ராஜகிரி உச்சிக்கு முன்னால் பள்ளத்தின் மேல் ஒரு பாலம், அதை இறக்கி ஏற்ற ஓர் ஆள், அவ்வளவுதான். வருகிறவர்களை அவன் சும்மா விடமாட்டான். கோட்டையின் கதை முழுவதையும் சொல்லித் தீர்த்த பிறகுதான் பாலத்தை இறக்குவான். நடுவில் யாராவது கொட்டாவி விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஆத்திரத்தில் கத்தியை உருவினாலும் பயனில்லை. பகடையில் எது விழுந்தாலும் அவன் சாகமாட்டான் என்று விதி வைத்திருந்தாய்.

நீ நடத்துகிற ஆட்டத்தில் ராஜாவே செத்துப்போவான். இவனுக்கு மட்டும் என்ன சலுகை என்று அன்றைக்கே சண்டை போட்டேன். “அவன் செத்தா பாலத்த யாரு எறக்கறது?” என்று மழுப்பிவிட்டாய்.

அந்த வாயாடியைத்தான் இப்போது எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். பேர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் உனக்கு மெயில் வருகிறது, நான்தான் உட்கார்ந்து பதில் போடுகிறேன். வயிறு எரிகிறது மச்சான். உயிரோடு இல்லாதவன்மேல் பொறாமைப்படுகிறவன் மனுஷனா? நான் படுகிறேன்.

போன வாரம் உன் வீட்டுக்காரி நூர்ஜஹான் கடைக்குக் கூப்பிட்டாள். உன் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். டிஸ்ப்ளே மாற்றுவதில் உன்னைவிட வேலை சுத்தம்.

“அண்ணே, அவரு எழுதனதுக்கு எல்லாரும் ரெண்டாம் பாகம் கேக்கறாங்க. நீங்கதான் எழுதணும்.”

“அந்தப் பாலத்துக்காரன் பேச்சு எனக்கு வராதும்மா. வேற ஆளப் பாரு.”

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “இன்னாண்ணே, நெஜமாவே தெரியாதா? அது நீங்கதானே! நீங்க பேசறதயெல்லாம் ஊட்டுக்கு வந்து எனக்குச் செஞ்சி காட்டுவாரு. சிரிச்சி சிரிச்சி வயிறு வலிக்கும். அப்புறந்தான் எழுதுவாரு.”

முதலில் கோபம்தான் வந்தது. படுபாவி, ஊரெல்லாம் ரசிப்பது என் வாயையா? என் வாயை வைத்து நீ விற்றாய், அதே வாயால் என்னால் விற்க முடியவில்லை. இதை எங்கே போய்ச் சொல்வது?

பஸ் ஸ்டாண்ட் தாண்டி வரும்போதுதான் அந்த விதி ஞாபகம் வந்தது. ராஜா முதல் காவல்காரன் வரை எல்லோரையும் சாகவிட்டாய். என் ஒருவனைத்தான் விடவில்லை. இதை அன்றைக்கே வாய்திறந்து சொன்னால் என்ன, குறைந்தா போயிருப்பாய்?

சரி, எழுதுகிறேன். உன்னுடையதைவிட ஒரு பிரதியாவது கூட விற்கவேண்டும், அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரிப்பேர்காரன் உட்கார்ந்திருப்பான். யார் என்ன பெரிய கனவைச் சொன்னாலும் சிரிப்பான். பகடையில் எது விழுந்தாலும் அவன் சாகமாட்டான்.

உன் மச்சான்,
ஏழுமலை
செஞ்சி