வெள்ளிக்கிழமை இறால் கறி

மார்ச் 7, 2025, வெள்ளி

முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாகேஸ்வரி அக்காவின் சாப்பாட்டுக் கடை. பத்திரிகைக்குக் கடைச் சாப்பாட்டை விமர்சித்து எழுதுகிறவள், தான் யாரென்று காட்டிக்கொள்ளக் கூடாது. தண்ணீர் வைக்கும் முன்பே "நீங்கள் ஆற்றை பிள்ளை, எந்த ஊர்?" என்று கேட்கிற ஊரில் எங்கே ஒளிவது? கிளிநொச்சிப் பக்கம் என்று புளுகினேன்.

இறால் கறி. நல்ல இறால், நல்ல உறைப்பு. உப்பு மட்டும் அறவே இல்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழும்பினேன்.

வெள்ளி எங்கள் வீட்டில் மரக்கறிதான்; இறால், மீன் என்று மச்சம் தின்றது அம்மாவுக்குத் தெரியக் கூடாது. வீட்டுக்கு வந்து அவரின் பருப்பையும் கத்தரிக்காயையும் சாப்பிட்டேன். இந்தத் தொழிலுக்கு இரண்டு வயிறு வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

என் 'நாக்கு நீளம்' பத்தி வந்துவிட்டது. "கடல் கூப்பிடு தூரத்தில்; ஆனால் நாகேஸ்வரி கடைக்கு உப்பு இன்னும் வந்து சேரவில்லை." இந்த வரியை நானே மூன்று தரம் வாசித்தேன்.

அம்மாவும் வாசித்தார். "என்ரை கறியைப் பற்றி எழுதிப் போடாதை" என்றார்.

மார்ச் 19

பத்திரிகை ஆசிரியர் தில்லைநாதன் போன் எடுத்தார். பஸ்ஸில் வருகிற சனம் அந்தக் கடைக்குள் நுழைவதில்லையாம். ஓட்டோக்காரர்கள் "அக்கா, கடல் தண்ணி கொண்டரட்டோ?" என்று பகிடி பண்ணுகிறார்களாம். நாகேஸ்வரி அக்கா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: எழுதின ஆள் எந்தக் கிழமை வந்தது?

"நேரிலை போய்க் கதையும் பிள்ளை. பிழை எண்டால் திருத்துவம்."

கிழமையை ஏன் கேட்கிறார்?

மார்ச் 20

போனேன். நான்தான் எழுதினது என்று சொல்வதற்குள் ஒரு கோப்பை பிளேன்ரீ குடித்து முடிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"வெள்ளியிலை நான் மச்சம் வாயிலை வைக்கிறேல்லை, பிள்ளை. பக்கத்துத் துணிக்கடை ஹவ்வா உம்மாதான் உப்புப் பாத்துச் சொல்லுறவா. இப்ப நோன்பு மாதம், அவவும் வாயிலை வைக்கேலாது. அதாலை முதல் சாப்பிடுற ஆள் 'அக்கா, உப்பு' எண்டு சொல்லும், நான் அள்ளிப் போடுவன். அண்டைக்கு முதல் ஆள் நீங்கள்தான். என்னட்டைச் சொல்லாமல் ஊருக்குச் சொல்லிப்போட்டியள்."

முகத்தை எங்கே வைப்பது? வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. இவ்வளவு நீள நாக்கு, ஒரு சொல்லுக்கு அசையவில்லையே!

மார்ச் 21, வெள்ளி

திருத்தம் எழுத வேண்டும். எழுதினால் வெள்ளிக்கிழமை என்று வரும். வந்தால் அம்மா வாசிப்பார் — அதோடு நான் துலைஞ்சன். "ஒரு நாள்" என்று எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதினால் நாகேஸ்வரி அக்காவின் நியாயம் ஒருவருக்கும் விளங்காது.

கிழமையைப் போட்டே அனுப்பிவிட்டேன். பிள்ளையாரே.

மார்ச் 23, ஞாயிறு

திருத்தம் வந்துவிட்டது. அம்மா வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தார். மத்தியானம் சோறும் பருப்பும். பருப்பில் உப்பில்லை. வேண்டுமென்றேதான்.

"அம்மா, உப்பு."

"இப்பவாவது வாய் திறந்து கேட்டியே" என்று உப்புப் போத்தலை என் பக்கம் தள்ளினார்.

ஏப்ரல் 4, வெள்ளி

நோன்பு முடிந்தும், பெருநாளுக்குப் புத்தளத்து மகள் வீட்டுக்குப் போன ஹவ்வா உம்மா இன்னும் திரும்பவில்லை. நாகேஸ்வரி அக்கா நேற்று போன் எடுத்து என்னை வரச் சொன்னார். காலையில் அம்மாதான் எழுப்பினார்.

"எழும்படி. அந்த மனிசி உப்புப் பாக்க ஆளில்லாமல் நிக்குது."

"இண்டைக்கு வெள்ளியம்மா."

"தின்னாத பிள்ளை மாதிரிக் கதையாதை."

கடையில் பழையபடி சனம். நாகேஸ்வரி அக்கா அகப்பையால் அள்ளி என் உள்ளங்கையில் கொஞ்சம் குழம்பு விட்டார். நக்கிப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் போடுங்கோ அக்கா" என்றேன், பெரிய ஆள் மாதிரி. போட்டார்.

முதல் ஓட்டோக்காரர் ஒரு வாய் வைத்தார். "அக்கா, உப்புக் கூடிப் போச்சு!"

நாகேஸ்வரி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் குசினிக்குள் போய், உப்பை முறிக்கப் பால் பிழிந்து விடத் தேங்காய் திருவத் தொடங்கினேன்.