அடிநூல் மணிக்கு இரண்டு உரிமையாளர்கள்

அனுப்புநர்:
தையற்காரி,
இரண்டு மிஷின் தையற்கடை,
பேருந்து நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்:
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
காப்புரிமை அலுவலகம்.

பொருள்: ஒரே கருவிக்கு இருவர் உரிமை கோரியதில் இருவருக்கும் மறுப்பு வந்தது – ஒன்றாக விசாரிக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மிஷினின் அடியில் பாபினில் சுற்றியிருக்கும் அடிநூல் தீர்ந்தது தெரியாமல் வெறும் துணியை முழக்கணக்கில் குத்திக்கொண்டே போவது எங்கள் தொழிலின் தீராத தலைவலி. நூல் தீரப்போகும்போதே ஒலிக்கும் சிறு மணி ஒன்று எங்கள் கடையில் உருவானது. அதற்குத்தான் இந்த வழக்கு.

2. நானும் என் நாத்தனாரும் ஒரே நாள் காலையில் தனித்தனியே விண்ணப்பித்தோம். என்னுடையது மாடியில் உள்ள ஆய்வாளரிடமும் அவருடையது கீழ்த்தள ஆய்வாளரிடமும் போயின. இதே கருவிக்கு வேறொருவர் உரிமை கோரியிருப்பதால் எனக்குத் தர இயலாது என்று மாடியிலிருந்து பதில் வந்தது. அந்த வேறொருவருக்கும் அதே காரணத்தைக் கீழ்த்தளம் அனுப்பியிருக்கிறது. இரு ஆய்வாளர்களும் ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறார்கள். நடுவிலுள்ள பதினெட்டுப் படிகளை யாராவது ஒருவர் ஒருமுறை இறங்கியிருக்கலாம் என்பது மட்டுமே என் பணிவான கருத்து.

3. இரு விண்ணப்பங்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதால், சேர்த்துப் படித்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியதாகத் தங்களுக்குச் சந்தேகம் எழலாம். இரண்டையும் எழுதியவர் என் கணவர். வீட்டில் அவர் கையெழுத்து மட்டும்தான் படிக்கும்படி இருக்கும். "ஒருத்தி பொண்டாட்டி, ஒருத்தி தங்கச்சி. யாருக்கு எழுதித் தரமாட்டேன்னு சொல்றது?" என்கிறார். எனக்கு எழுதியதையே தங்கைக்கும் பார்த்து எழுதிவிட்டார். இதில் சோம்பல் உண்டு, மோசடி இல்லை.

4. நாங்கள் சான்றாகத் தந்த வரைபடங்களையாவது அருகருகே வைத்துப் பார்க்கவும். இரண்டும், வாடிக்கையாளரின் அளவு குறிக்கும் ஒரே சீட்டின் பாதிகள். சண்டையில் கிழிந்தது. ஸ்பிரிங் உள்ள பாதி என்னிடம் இருந்தது, மணி உள்ள பாதி அவரிடம். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் நூல் தீர்வது மிஷினுக்குத் தெரியும், தைப்பவளுக்குத் தெரியாது. மணி அவர் யோசனை.

5. சண்டைக்கான காரணத்தைப் படிவத்தில் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மிஷின் பழுது பார்க்க வந்த மெக்கானிக், "யாரு யோசனைங்க இது?" என்று வியந்து கேட்டார். நாத்தனார் பக்கத்திலேயே பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நான், "என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, என் கையிலிருந்த வரைபடச் சீட்டைப் பிடுங்கி, கிழிந்து வந்த பாதியோடு எழுந்து போனார். நான்கு மாதமாகக் கடைப்பக்கமே வரவில்லை. பன்னிரண்டு வருடம் முழங்கை இடிக்க உட்கார்ந்து தைத்தோம். இப்போது கடையில் இடம் தாராளம். எனக்குப் பிடிக்கவில்லை.

6. ஆகவே இரு கோப்புகளையும் ஒன்றாகக் கட்டி, உரிமையை இருவர் பெயரிலும் வழங்க வேண்டுகிறேன். விதி இடம் தராவிட்டால் அவர் பெயருக்கே வழங்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. எதுவானாலும் எங்கள் இருவரையும் ஒரே நாள், ஒரே நேரத்தில், ஒரே அறைக்கு அழைக்க வேண்டும். என் கடிதங்களை அவர் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறார். அலுவலக முத்திரை இருந்தால் பிரித்துத்தானே ஆக வேண்டும்? அவர் வந்ததும், விசாரணை தொடங்குமுன் என்னை முதலில் பேச அனுமதிக்கவும். ஒரு நிமிடம் போதும்.

நாள்: ஜூன் 17
இடம்: தையற்கடை

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
(கையொப்பம்)
முதல் மிஷின்காரி