வீட்டில் இரண்டு பத்தியம்

மார்ச் 4
ஜமீன்தார் இன்றும் உருண்டைத் தீனியை வாயில் வாங்கி, இரண்டு மெல்லு மென்று, என் முகத்தைப் பார்த்துத் துப்பினார். கண்ணாடித் தொட்டியில் வளர்கிற ஒரு ஆஸ்கர் மீனுக்கு இவ்வளவு திமிர். என் வீட்டுக்காரர் கப்பலுக்குக் கிளம்பும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இனி உயிர்மீன் போடாதே. போன தடவை இரைக்கென்று வாங்கிப் போட்ட குட்டி மீன்களோடு நோயும் கூடவே வந்தது. ஜமீன்தார் பிழைத்ததே பெரிய விஷயம். பட்டினி போடுங்கள், பசித்தால் தானாக உருண்டைக்கு வருவார் என்று வளர்ப்பு மீன்கடைக்காரரும் சொல்லிவிட்டார்.

ஆக, வீட்டில் இரண்டு பத்தியம். மாரடைப்பு வந்து மீண்ட மாமாவுக்கு உப்பு, காரம் இல்லாமல் அவித்த மீனும் கேரட்டும். ஆனால் என் மாமனார் தங்கம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் தட்டு காலி. “ருசியா இருக்கும்மா” என்று வேறு சொல்வார்.

மார்ச் 9
துப்பினார்.

மார்ச் 13
மாமாவின் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறார். பத்தியம் இருந்தால் உடம்பு குறையத்தானே செய்யும் என்கிறார். நான் போடுகிற சாப்பாட்டுக்கு இவ்வளவா குறையும்?

மார்ச் 17
டாக்டர் எடை பார்த்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டார். ஒரு வாய் மிச்சம் வைப்பதில்லை என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வெளியே அனுப்பிவிட்டு, நன்றாகச் சாப்பிட்டும் ஒருவர் இப்படி இளைத்தால் உள்ளே என்னவென்று பார்த்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அடுத்த திங்கட்கிழமை ஸ்கேன். அவர் சந்தேகப்படும் நோயின் பெயரையும் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

இருதய விஷயமாக இன்னொரு சோதனை என்றுதான் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 18
கப்பலிலிருந்து போன். நடுக்கடலில் இருக்கிற மனுஷனிடம் என்னவென்று சொல்வது? சொல்லவில்லை. ஜமீன்தார் எப்படி இருக்கார் என்று கேட்டார். நன்றாக இருக்கார் என்றேன். அது பொய்யில்லை — பட்டினி கிடக்கிற மீன் மாதிரியே இல்லை. தின்னாத ஜீவன் கொழுக்குது, தின்னுற மனுஷன் கரையுறாரு. நான் என்ன பாவம் பண்ணேன்? எங்கம்மா போனதுக்கப்புறம் பெத்தவங்க இடத்துல எனக்குன்னு இருக்கிறது மாமா ஒருத்தர்தான்.

மார்ச் 22
தொட்டித் தண்ணீர் கலங்கி நாற்றமடித்தது. மீன்கடைக்காரரை வரச்சொன்னேன். ஃபில்டரைக் கழற்றிப் பஞ்சை அலசினவர் சட்டென்று நிறுத்தினார்.

“ஏன்க்கா, மீனுக்கு கேரட் எல்லாமா போடுவீங்க?”

என் உள்ளங்கையில் வைத்தார். சின்னச் சதுரத் துண்டு. மாமா மெல்லச் சுலபமாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படி நறுக்குவேன். பட்டினி கிடக்கிற மீனுக்கு இந்த வயிறு வராது, யாரோ பலமாகக் கவனிக்கிறார்கள் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். மாமா செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற கடையில் எனக்கு வேலை. வீட்டுக்குள் நடப்பது கண்ணில் படவில்லை.

கடைக்காரர் போனதும் கேட்டேன். சாப்பாட்டு மேசையிலிருந்து கை நீட்டினால் தொட்டி. மீனையெல்லாம் ஜமீன்தாருக்கு ஊட்டிவிட்டு, டீயும் ரொட்டியுமாகக் காலம் தள்ளியிருக்கிறார்.

“அதை மனுஷன் தின்ன முடியாதும்மா. வேலைக்குப் போய்ட்டு வந்து, எனக்குன்னு தனியா அடுப்புல நிக்கிற. உங்கிட்ட போய் எப்படி நல்லா இல்லன்னு சொல்லுவேன்?”

கத்தத்தான் வாயெடுத்தேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சாப்பிடல. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல, சாப்பிடல! இப்படி ஒரு திருட்டுக்கு யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா? மாமா வாசலில் வந்து நின்று, இனிமேல் சாப்பிட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினார். அப்புறம்தான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

மார்ச் 24
விஷயத்தைக் கேட்டு டாக்டர் சிரித்தார். சிரித்தாலும் ஸ்கேன் எடுத்தே தீரவேண்டும் என்றார். எடுத்தோம்.

ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

எலுமிச்சையும் மிளகும் பூண்டும் தாராளமாகச் சேர்க்கலாமாம். இதை முதலிலேயே கேட்க எனக்குத் தோன்றவில்லை பார்.

மார்ச் 30
ஜமீன்தார் துப்பவில்லை! விழுங்கிவிட்டு, இன்னும் கொண்டா என்று கண்ணாடியில் வந்து மோதினார். சோறு கண்ட இடம் சொர்க்கம். மேல்வரும்படி நின்றதும் வழிக்கு வந்துவிட்டார்.

ஏப்ரல் 6
பூண்டும் மிளகும் போட்டு மீன் வைத்தேன். இப்போதெல்லாம் மாமாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு வாய் வைத்தார். தட்டைத் தள்ளினார்.

“பூண்டக் கருக்கிட்டியேம்மா. வாயில வைக்க முடியல.”

இந்த வீட்டுக்கு வந்த நாளாக என் சமையலை அவர் குறை சொல்லிக் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் அவருக்கு மகளானேன் என்று தோன்றியது. எழுந்து போய் மறுபடி செய்து கொண்டுவந்து வைத்தேன்.

முழுக்கச் சாப்பிட்டார். இதுவும் சுமார்தான் என்றார்.