மறுபடி கேட்ட தட்டல்

அன்புள்ள அப்பாவுக்கு,

இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று தெரியாததால் வானொலி நிலையத்துக்கே எழுதுகிறேன்.

விடுமுறை நாள் என்று உங்கள் பழைய நகைச்சுவை நாடகத்தை நேற்று மறுபடி ஒலிபரப்பினார்கள். கணவர் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோவாரே, அதுதான்.

"யாரு?"

"நான்தான்."

"நான் உள்ளதானே இருக்கேன். வெளியில எந்த நான்?"

வசனம் நடிகர்களுடையது. கதவுச் சத்தத்துக்காகப் பலகையில் தட்டிய விரல் உங்களுடையது. இரண்டு வேகமாக, ஒன்று தயங்கி. நம் வீட்டுக் கதவையும் அப்படித்தானே தட்டுவீர்கள்.

போன வருடம் இதே நாடகத்தில் அந்தத் தட்டல் கேட்டதும் அம்மா எழுந்துபோய் நம் வீட்டுக் கதவையே திறந்துவிட்டாள். பிறகு நாள் முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று அசையாமல் என் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நாடகம் முடிந்ததும் ரேடியோவை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதே தட்டல் மறுபடி கேட்டது.

"அம்மா, கதவு."

"ரேடியோதான்டி. விடு."

ரேடியோ அணைந்துதான் இருந்தது. நான் போய்த் திறந்தபோது படிக்கட்டில் யாரும் இல்லை. கீழே கேட் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா, வந்தது நீங்கள் என்றால், இனிமேல் தட்டாதீர்கள். தட்டினால் அம்மா ரேடியோ என்றுதான் சொல்வாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

உங்கள்
புத்தகப்புழு