அந்தக் கடைசித் திரை முடிந்ததா, மாமு?

மாமு,

காலையில் நாய்ச் சீப்பை எடுத்து, கயிற்றில் பின்னிய ஒரு சுவர்த் திரைக்குக் குஞ்சம் வாரினேன். நம் இருவர் வீட்டிலும் நாய் இருந்ததில்லை. ஆனால் பருத்திக் கயிற்றின் நுனியைப் பிரித்துப் பட்டுபோல வாருவதற்கு அதைவிட உயர்ந்த சீப்பு இப்பூவுலகில் இல்லை என்று வண்ணாரப்பேட்டையைச் சல்லடை போட்டுக் கண்டுபிடித்தவன் நான். பஞ்சுத் தூள் மூக்கில் ஏறியது. ஒரு தும்மல் போட்டேன். எண்ணூர் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் பயந்து நின்றிருக்கும். அந்த இடத்தில் வழக்கமாக நீ ஏதாவது சொல்வாய். திரும்பிப் பார்த்தேன். உன் முக்காலியின் மேல் கயிற்று உருண்டை உட்கார்ந்திருந்தது.

முழங்கால் ஒத்துவராமல் நீ விசைப்படகை விட்டு இறங்கினாய். வலை பின்னிய கை சும்மா இருக்கவில்லை. என் வீட்டுப் பூந்தொட்டிகளுக்கெல்லாம் வெள்ளைக் கயிற்றில் உறி பின்னி மாட்டியது. மாடி வீட்டுப் பெண் பார்த்துவிட்டு ஒன்று கேட்டாள், அவள் தோழி ஒன்று கேட்டாள். இப்படித்தான் காலடிப்பேட்டையில் ஒரு மாடி அறை பிடித்தோம். பின்ன நீயும் உன் மனைவி கஸ்தூரியும், விற்க நான். பலகையில் 'கைவினைக் கலைக்கூடம்' என்று எழுதியவன் நான். "கூடம் எங்க கீது மாமு?" என்று கேட்டவன் நீ.

அடையாறு பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் கடை போட்டோமே, நினைவிருக்கிறதா? கண்ணாடி போட்ட ஒரு அம்மாளிடம் உறியைத் தூக்கிக் காட்டி, இந்த முடிச்சுதான் புயலில் ஒரு கப்பலையே காசிமேட்டில் கட்டி நிறுத்தியது, மாலுமிகள் அழுதுகொண்டே கும்பிட்டார்கள் என்று நான் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து நீ, "அம்மா, இது ரோஜாத் தொட்டி தொங்கவுட. கப்பலு கட்ட வேற கயிறு வோணும்" என்றாய். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இரண்டு வாங்கிப் போனாள். யார் பேச்சுக்காக வாங்கினாள் என்று மெட்ரோவில் வீடு வரும்வரை சண்டை போட்டோம். "நீ சொல்ற கதைய கேட்டு மீனு வலைல வுழாது மாமு" என்றாய். மீன் விழாமல் போகட்டும், ஜனங்கள் விழுந்தார்களே. துறைமுகத்துக் கரித்தூள் படிந்து சாம்பலாகிப்போன திரையைக்கூட 'கடல் மூட்டம்' என்று பெயர் சூட்டி விற்ற பரம்பரை நான்.

அப்பேர்ப்பட்ட என் வாய் இப்போது குழம்பிக் கிடக்கிறது. காரணம் உன் கடைசித் திரை.

யாரும் கேட்காமல் நீயாக ஆரம்பித்தது அது. ஆள் நீளக் குறுக்குக் கம்பில், மேலே நெருக்கமாக வரிவரியாக முறுக்கு முடிச்சு. கீழே வர வரக் கண்ணி பெரிதாகிறது. வலப்பக்க மூலையில் முடிச்சே இல்லை, வெறும் கயிறு, ஒவ்வொன்றும் ஒரு நீளம். என்னடா இது என்று கேட்டதற்கு, "பாத்துகினே இரு" என்றாய். பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று மதியம் நீ கையை உதறிக்கொண்டு எழுந்து, "டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று கீழே போனாய். டீக்கடை பெஞ்சில் சாய்ந்தவன் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே போய்விட்டாய்.

ஒரு திரையை முடித்தாலும் நீ டீ குடிக்கத்தான் போவாய். பாதியில் கை வலித்தாலும் டீ குடிக்கத்தான் போவாய். அடியை நேராக வெட்டுவதும் டீ குடித்துவிட்டு வந்துதான். இதில் எந்த டீ அது என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

கஸ்தூரி ஒரு நாள் அந்த மூலையில் பின்ன உட்கார்ந்தாள். உன் இடக்கை போட்ட முறுக்கு ஒரு பக்கமாகச் சுற்றி இறங்குகிறது. அவள் வலக்கை போட்டது எதிர்ப்பக்கம் சுற்றியது. பிரித்துவிட்டாள். "என் பேச்ச கேக்கல ண்ணா. அவர மாரியே கீது" என்றாள். திங்கட்கிழமை, முடிந்துவிட்டது என்பாள். செவ்வாய்க்கிழமை, முடியவில்லை என்பாள். நான் இரண்டு நாளும் அவளுக்கு எதிர்க்கட்சி.

அப்போதுதான் தேரடி பக்கம் புதிதாகப் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் பெண் மாடியேறி வந்தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக உன் திரைமுன் போய் நின்றாள்.

"அங்கிள், எங்க வெயிட்டிங் ஹாலுக்கு இது வேணும். என்ன இது, அலையா?"

நான் பதில் சொல்லுமுன்பே, "அடியை மட்டும் நேரா வெட்டிக் குடுத்துடுங்க" என்றாள்.

வெட்டினால் அது முடிந்ததாகிவிடும், மாமு. நீ திரும்பி வந்து என்ன செய்திருப்பாய் என்பதை நானே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகும். கொடுக்காமல் வைத்துக்கொண்டால் ஒரே மழைக்காலத்து ஈரத்தில் கரித்தூள் அப்பிப் போகும். வாயில் கதை தயாராக இருந்தது. புயல், ஒற்றைப் படகு, மூலையில் திறந்துகொண்ட வானம். ஆனால் வெளியே வந்தது வேறு.

"தெரியாதும்மா. பின்னினவன் டீ குடிக்கப் போனான். முடிச்சிட்டுப் போனானா, பாதியில போனானான்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியல."

அந்தப் பெண் மூலையில் தொங்கிய வெறும் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப இப்படியே மாட்டிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

கஸ்தூரி முந்திக்கொண்டாள். "மாட்டிக்கோம்மா. கத்திரி மட்டும் படக்கூடாது. நாங்க வந்தா பாக்க வுடணும்." அந்தப் பெண் இறங்கிப் போனதும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உனுக்கு உண்ம பேசக்கூட வருமா ண்ணா?" என்றாள். வந்துவிட்டதே என்றுதான் எனக்கும் ஆச்சரியம்.

இப்போது வாரம் தவறாமல் அங்கே போகிறேன். எப்போதோ விழுந்துபோன கடைவாய்ப் பல் ராஜவலி வலிக்கிறது என்று டோக்கன் வாங்கி, திரைக்கு எதிரில் உட்கார்கிறேன். போன வாரம் கன்னம் வீங்கிய ஒருவர், "நல்லா முடிச்சிருக்கான்" என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அவரோடு மல்லுக்கு நின்றேன். நேற்று பக்கத்தில் உட்கார்ந்த மீன்கார அம்மா, "இன்னா நைனா, பாதில வுட்டுட்டு பூட்டாங்களா?" என்றாள். அவளோடும் சண்டை. இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். தெரிந்துவிடக்கூடாது என்று இருக்கிறேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நேற்று என் எண்ணைக் கூப்பிட்டார்கள். மீன்கார அம்மாவிடம் என் டோக்கனைக் கொடுத்துப் போகச் சொல்லிவிட்டு, அவள் டோக்கனை வாங்கிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.